36 நிறப் பெட்டி யாருக்காக?

வெளியில் போய் வாட்டர்கலரில் வரைய வேண்டும் என்று ஆசை வந்தவுடன் ஒருவர் முதலில் செய்வது என்ன? வரைவதா? அதுதான் இல்லை. பெட்டி தேடுவது. கடையில் 12 நிறப் பெட்டியைக் கையில் எடுப்பார். பக்கத்திலேயே 24 இருக்கும். இன்னும் கொஞ்சம் கூடப் போட்டால் 36. 'நிறம் மூன்று மடங்கு, விலை மூன்று மடங்கு இல்லையே' என்று மனசு கணக்குப் போடும். வாங்கி வந்து திறந்தால் மயில் தோகை விரித்த மாதிரி இருக்கும். போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்புவார். அதற்கப்புறம் அந்தப் பெட்டி மேசை டிராயரை விட்டு வெளியே வருவதே இல்லை.

இதில் வாங்கியவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெட்டியை நிறங்களின் எண்ணிக்கையால் அளக்கப் பழக்கிய வியாபாரத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். வெளியில் வரைவதற்கான பாக்கெட் செட் கடைக்காரர் முடித்துக் கொடுக்க வேண்டிய பொருளே இல்லை. வரைபவர் தன் கையால் நிரப்பிக்கொள்ள வேண்டியது. அதற்கு ஆறு நிறம் போதும். எந்த ஆறு என்று முடிவு செய்வதுதான் வாட்டர்கலரின் முதல் பாடம். 36 நிறப் பெட்டி அந்தப் பாடத்தையே மாணவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அதற்குக் காசும் வாங்கிக்கொள்கிறது.

'ஆறா? காமெடி பண்ணாதீங்க' என்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக மேலே படிக்கலாம் :-)

பஞ்சாங்க அட்டையில் ஒரு பெட்டி

பெரிய ஓவியர்களிடம் பெரிய பெட்டி இருந்திருக்கும் என்பது பொதுவான நினைப்பு. இங்கிலாந்தின் டர்னர் (1775-1851) வாட்டர்கலரில் எவ்வளவு பெரிய ஆள் என்று சொல்லத் தேவையில்லை. வெனிஸ், ஸ்விட்சர்லாந்து என்று ஊர் ஊராகப் போய் வரைந்தவர். பயணத்துக்கு அவர் வைத்திருந்த வண்ண உறை ஒன்று லண்டனில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. பழைய பஞ்சாங்கம் ஒன்றின் தோல் அட்டையை எடுத்து, அதன் உள்பக்கத்தில் வண்ணக் கட்டிகளை ஒட்டி வைத்திருக்கிறார். அவ்வளவுதான். மடித்தால் கோட்டுப் பைக்குள் போய்விடும்.

கடையில் பெட்டி கிடைக்காத காலமா அது? இல்லவே இல்லை. லண்டனில் வில்லியம் ரீவ்ஸ் 1780-களிலேயே கட்டி வண்ணங்களை விற்றுக்கொண்டிருந்தார். 1832-இல் தொடங்கிய வின்சர் அண்ட் நியூட்டன், 1835 வாக்கில் ஈரப்பதம் உள்ள வண்ணங்களைச் சின்னத் தொட்டிகளில் விற்க ஆரம்பித்தது. 1841-இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்கர் உலோக டியூப்புக்குக் காப்புரிமை வாங்கினார். டர்னர் விரும்பியிருந்தால் லண்டனின் பளபளப்பான பெட்டி எதையும் வாங்கியிருக்கலாம். தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டார்.

காலி இடம்தான் முக்கியம்

கடையில் 'ஹாஃப் பேன்' என்று கேட்டால் தருகிற குட்டித் தொட்டி ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் நீளம், 16 மில்லிமீட்டர் அகலம். (தமிழில் பேன் என்று எழுதினால் தலை அரிக்கும் என்பதால் இனி தொட்டி என்றே வைத்துக்கொள்ளலாம்.) ஒரு தொட்டி மூன்று சதுர சென்டிமீட்டர் இடத்தை அடைக்கும். 36 தொட்டிகளை வரிசையாக வைத்தால் கிட்டத்தட்ட 110 சதுர சென்டிமீட்டர். நம்மூர் அஞ்சலட்டையின் மொத்தப் பரப்பே 126 தான். ஆக, ஒரு அஞ்சலட்டை அளவுப் பெட்டியில் 36 நிறத்தை அடைத்தால் கலக்குவதற்கு விரல் வைக்கக்கூட இடம் இருக்காது. ஆறு தொட்டி என்றால் வெறும் 18 சதுர சென்டிமீட்டர்தான் போகும். மீதி அத்தனையும் கலக்கும் இடம்.

வாட்டர்கலரில் வேலை நடப்பது தொட்டியில் இல்லை, கலக்கும் இடத்தில்தான். வானத்துக்கு ஒரு பெரிய குளம், சுவர் நிழலுக்கு இன்னொன்று, மரத்துக்கு மூன்றாவது என்று மூன்று குளங்கள் ஒரே நேரத்தில் ஈரமாக இருக்க வேண்டும். அதிலும் சென்னை மாதிரி ஊரில் ஏப்ரல் மாதம் காலை பத்து மணிக்கு மேல் உட்கார்ந்தால், காகிதத்தில் வைத்த வண்ணம் அடுத்த வண்ணம் கலப்பதற்குள் காய்ந்துவிடும். அந்த நேரத்தில் 36 தொட்டிகளுக்குள் 'அந்தப் பச்சை எங்கே போச்சு' என்று தேடுகிறவர் படத்தை இழந்துவிடுவார். ஆறு நிறம் வைத்திருப்பவருக்குக் கண் பார்க்காமலே கை போகும்.

நிறம் கூடக்கூடப் படம் அழுக்காவதற்கும் இங்கேதான் காரணம் இருக்கிறது. பெரிய பெட்டிகளில் பல நிறங்கள் ஏற்கனவே இரண்டு மூன்று நிறமிகளைக் கலந்து செய்தவை. கலவையோடு கலவையைச் சேர்த்தால் ஐந்தாறு நிறமிகள் ஒன்றாகி, சேறு மாதிரி ஒரு நிறம்தான் மிஞ்சும். ஒற்றை நிறமி வண்ணங்கள் இரண்டைக் கலந்தால் சுத்தமான மூன்றாவது நிறம் வரும். சேற்று நிறத்தைப் பார்த்துத் தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு வரைவதையே விட்டவர்கள் எத்தனை பேரோ.

பெயர் ஏமாற்றும், குறியீடு ஏமாற்றாது

டியூப் மேல் முன்பக்கம் இருப்பது வண்ணத்தின் பெயர். பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பது நிறமியின் குறியீடு. படிக்க வேண்டியது பின்பக்கத்தை.

உதாரணத்துக்கு 'சாப் கிரீன்'. ஒரு காலத்தில் பக்தார்ன் என்ற செடியின் பழச்சாற்றில் எடுத்த பச்சை அது. வெயிலில் நிற்காது. இன்று அதே பெயரில் வருவது பெரும்பாலும் தாலோ பச்சையோடு ஏதாவது ஒரு மஞ்சளோ பழுப்போ சேர்த்த கலவை. கம்பெனிக்குக் கம்பெனி அந்தக் கலவை மாறும். 'பேய்ன்ஸ் கிரே' என்பது பெரும்பாலும் நீலமும் கறுப்பும். பெயருக்குப் பின்னால் 'ஹ்யூ' என்று ஒட்டியிருந்தால், அசல் நிறமிக்குப் பதில் அதே மாதிரி தெரிகிற வேறொன்றைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது குற்றமில்லை, சொல்லிவிட்டுத்தான் செய்கிறார்கள். ஆனால் 36 நிறத்தில் எத்தனை உண்மையில் தனி நிறம் என்று எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை மளமளவென்று சரியும். கறுப்பையும் வெள்ளையையும் கழிக்கலாம். வாட்டர்கலரில் வெள்ளை என்பது காகிதம்தான்.

நல்ல கம்பெனிகள் குறியீட்டை டியூப்பிலேயே அச்சிடுகின்றன. பல மலிவுப் பெட்டிகளில் குறியீடு எங்குமே இருக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பிஸ்கட் பாக்கெட்டை வாங்கத் தயங்குகிறவர்கள், உள்ளே என்ன என்று எழுதாத வண்ணத்தை மட்டும் ஏன் சந்தோஷமாக வாங்குகிறார்கள்?

வெயில் தின்ற வானம்

குறியீடு எதற்கு என்றால், பணத்துக்கு அடுத்தபடியாக இதில் போவது படமேதான்.

வின்ஸ்லோ ஹோமர் என்ற அமெரிக்க ஓவியர் 1887-இல் வரைந்த 'ஃபார் டு பி எ ஃபார்மர்ஸ் பாய்' என்ற வாட்டர்கலர், சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது. வயலில் நிற்கிற பையன், பின்னால் வெளிறிய வெற்று வானம். அங்குள்ள ஆய்வாளர்கள் நுணுக்கமாகப் பரிசோதித்தபோது, அந்த வானம் ஒரு காலத்தில் சிவப்பும் ஆரஞ்சுமாக அந்தி வானமாக இருந்தது தெரியவந்தது. வெளிச்சம் நிறத்தைத் தின்றுவிட்டது. ஹோமருக்கே இந்த கதி!

அடுத்த ஆண்டே, 1888-இல், ரசல், ஆப்னி என்ற இரண்டு விஞ்ஞானிகள் இங்கிலாந்தில் வாட்டர்கலர் மேல் வெளிச்சம் என்ன செய்கிறது என்று சோதித்து அறிக்கை கொடுத்தார்கள். பல வண்ணங்கள் வெளுத்துப்போவதைக் காட்டினார்கள். காற்றும் ஈரமும் இல்லாத இடத்தில் அதே வண்ணங்கள் நன்றாகத் தாக்குப்பிடித்ததையும் காட்டினார்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் இந்த இரண்டாவது விஷயத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வெயில், காற்று, ஈரம் மூன்றும் இங்கே தாராளம்.

வெளுத்துப்போகிற வண்ணங்களில் பிரபலமானது அலிசரின் கிரிம்சன், குறியீடு பி.ஆர். 83. சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணிகளுக்கு நிறம் தந்த சாயவேரில் இருப்பதும் அலிசரின்தான். 1868-இல் ஜெர்மனியில் அதைச் செயற்கையாகச் செய்தார்கள். துணியில் படிகாரத்தோடு பிடித்துக்கொள்கிற சாயம், மெல்லிய வாட்டர்கலர் பூச்சாகக் காகிதத்தில் நீண்ட நாள் நிற்பதில்லை. இன்னும் பல பெட்டிகளில் அது இடம்பிடித்திருக்கிறது. கண்ணைப் பறிக்கிற 'ஓப்பரா' பிங்க் வண்ணங்களின் மின்னலும் ஒளிரும் சாயத்தால் வருவதுதான், அதுவும் சீக்கிரம் இறங்கிவிடும்.

நம்பாதவர்கள் வீட்டிலேயே பார்த்துவிடலாம். பெட்டியில் உள்ள ஒவ்வொரு நிறத்தையும் ஒரு காகிதத்தில் பட்டையாகப் பூசி, பாதியைத் தடித்த அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டி வைத்தால் போதும். அட்டையை எடுக்கும்போது இரண்டு பாதிகளும் ஒரே மாதிரி இருக்கும் நிறங்களை மட்டும் நம்பலாம்.

மூடிய நோட்டுக்குள்ளேயே இருக்கும் பயிற்சிப் படங்களுக்கு இந்தப் பயம் அவ்வளவு இல்லை, உண்மைதான். ஆனால் ஒரு மாணவர் தன் முதல் படத்தை யாருக்காவது விற்கிறார், அல்லது பாட்டிக்கு ஃபிரேம் போட்டுக் கொடுக்கிறார் என்றால்? சுவரில் மாட்டிய வானம் சில வருடங்களில் காணாமல் போனால் அதற்கு யார் பதில் சொல்வது? பெட்டி விற்றவர் வரமாட்டார்.

அந்த ஆறு

ஐந்து நிறம் எல்லோருக்கும் பொது.

1. மஞ்சள், பி.ஒய். 154. வெயில் தாங்கும், சுத்தமான மஞ்சள்.
2. குயினாக்ரிடோன் ரோஸ், பி.வி. 19. அலிசரின் இருக்க வேண்டிய இடத்தில் இது. மஞ்சளோடு சேர்ந்தால் சிவப்பும் ஆரஞ்சும், நீலத்தோடு சேர்ந்தால் ஊதாவும் கிடைக்கும்.
3. அல்ட்ராமரைன் நீலம், பி.பி. 29. ஆப்கானிஸ்தானின் லாபிஸ் லசூலி கல்லை அரைத்து எடுத்த காலம் போய், 1820-களின் கடைசியில் பிரான்சில் செயற்கையாக வந்தது. இன்று ஓவியர் தர வண்ணங்களில் மலிவானவற்றில் ஒன்று.
4. தாலோ நீலம், பி.பி. 15. 1930-களில் வந்தது. முரட்டு நிறம், பிரஷ் நுனியில் தொட்டால் போதும். மஞ்சளோடு சேர்த்தால் வாழை இலைப் பச்சை.
5. பர்ன்ட் சியன்னா, பி.பி.ஆர். 7. மண் நிறம். அல்ட்ராமரைனோடு கலந்தால் சாம்பலில் தொடங்கிக் கிட்டத்தட்ட கறுப்பு வரை போகலாம். தெரு நிழல், தார் ரோடு, காக்கை எல்லாம் இந்த இரண்டிலேயே முடிந்துவிடும்.

ஆறாவது இடம் ஊருக்கு. சென்னையில் வரைபவருக்கு அது ஒரு செங்காவி, பி.ஆர். 101. உயர் நீதிமன்றம் (1892), எழும்பூர் ரயில் நிலையம் (1908) என்று இந்த ஊரின் பாதி முகம் செங்கல் சிவப்புதான். ராமேஸ்வரத்துக்காரர் கடலுக்காக ஒரு டர்க்காய்ஸ் வைத்துக்கொள்ளலாம். நீலகிரிக்காரருக்குத் தாலோ பச்சை, பி.ஜி. 7. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்லுக்கு ஒரு காவி மஞ்சள், பி.ஒய். 43. ஐரோப்பாவின் புல்வெளியை மனதில் வைத்து யாரோ அடுக்கிய பெட்டியால் இதைச் செய்ய முடியாது. வேப்ப மரத்தின் புதுத் தளிர் பச்சையே இல்லை, செம்பு நிறம் என்பது பெட்டியில் ஆறு பச்சை வைத்திருப்பவர் கண்ணில் படவே படாது. கலக்க வேண்டிய கட்டாயம் இருப்பவர்தான் உற்றுப் பார்ப்பார்.

'ஆனால்...' என்பவர்களுக்கு

'பழகுறதுக்கு மாணவர் தரம் போதாதா?' மாணவர் தர வண்ணத்தில் பொதுவாக நிறமி குறைவு, நிரப்பி அதிகம். தேய்த்துத் தேய்த்துத்தான் நிறம் எடுக்க வேண்டும். அடர்த்தியான நிழல் வேண்டும்போது வெளிறிய நிழல்தான் வரும். பழகுகிறவருக்குத்தான் சொன்ன பேச்சு கேட்கிற வண்ணம் அதிகம் தேவை. அதற்காக ஏழெட்டு வயதுக் குழந்தையின் கேக் பெட்டியைப் பிடுங்கச் சொல்லவில்லை. அது அதன் வேலையை நன்றாகவே செய்கிறது.

'ரெடிமேட் பச்சை இருந்தால் நேரம் மிச்சம்தானே?' மிச்சம்தான். அதனால் ஆறோடு நிறுத்தியே ஆக வேண்டும் என்ற சத்தியமும் வேண்டாம். ஒரு நிறம் இல்லையே என்று மூன்று வெவ்வேறு நாளில், மூன்று வெவ்வேறு இடத்தில் தவித்தால் அதைச் சேர்க்கலாம். தேவை முதலில், தொட்டி பிறகு. 36 நிறப் பெட்டியில் இந்த வரிசை தலைகீழ்.

'மூன்றே நிறத்தில் உலகத்தையே வரையலாம்' என்று சொல்லும் எதிர்க்கட்சியும் உண்டு. அறைக்குள் பயிற்சிக்கு நல்லது. வெயிலில் அவசரமாக வரையும்போது ஒவ்வொரு பழுப்புக்கும் மூன்று நிறத்தைக் கலந்துகொண்டிருப்பது வீம்பு.

இன்னொரு கூட்டம் காலிப் பெட்டிக்கே பல ஆயிரம் செலவு செய்யும். கையால் செய்த பித்தளைப் பெட்டி, கட்டைவிரல் வளையம், உறை! 36 நிறத்துக்கும் இதற்கும் வித்தியாசம் விலையில் மட்டும்தான். இரண்டுமே வரைவதைத் தள்ளிப்போடும் வழிகள்.

ஜாமெட்ரி பாக்ஸ் போதும்

பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸ் எல்லா வீட்டிலும் ஒன்று துருப்பிடித்துக்கொண்டிருக்கும். அதைத் தேய்த்துத் துடைத்து, உள்ளேயும் மூடியிலும் வெள்ளை எனாமல் பெயின்ட் இரண்டு கோட்டிங் அடித்து நன்றாகக் காயவிட்டால் கலக்கும் தட்டு தயார். காலித் தொட்டியின் உயரம் ஒரு சென்டிமீட்டர்தான், மூடி மூடும். தகரம் என்பதால் தொட்டியின் அடியில் துண்டு காந்தத் தாள் ஒட்டினால் அசையாது, வேண்டியபோது இடம் மாற்றலாம்.

டியூப் வண்ணத்தை ஒரேயடியாகப் பிதுக்கி நிரப்பக் கூடாது. காயும்போது சுருங்கி, வெடித்து, கழன்று விழும். பாதி நிரப்பி, பல் குச்சியால் மூலைகளுக்குத் தள்ளி, ஓரிரு நாள் காயவிட்டு, மறுபடி நிரப்ப வேண்டும். தேன் சேர்த்த வண்ணங்கள் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் காயாமல் பிசுபிசுவென்றே கிடக்கலாம். வாங்கும் முன் பார்த்துக்கொள்வது நல்லது. வரைந்து முடித்தவுடன் ஈரத்தோடு பெட்டியை மூடினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் ஓர் இரவு திறந்து வைத்தால் போதும்.

ஆறு பேர், ஆறு டியூப்

கடைசியாகப் பணம். ஓவியர் தர டியூப் ஆறும் ஒருவரே வாங்குவது மாணவர் பர்ஸுக்குக் கஷ்டம், மறுக்க முடியாது. 36 நிறப் பெட்டி ஜெயிப்பது இந்த இடத்தில்தான். ஆனால் இதற்கு வழி வகுப்பறையிலேயே இருக்கிறது. ஒரு சின்னத் தொட்டிக்கு ஏறக்குறைய 2 மில்லி வண்ணம் போதும். ஒரு டியூப் 15 மில்லி. ஆறு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு டியூப் வாங்கிப் பிரித்துக்கொண்டால், ஒவ்வொரு டியூப்பிலிருந்தும் ஆறு தொட்டி நிரம்பும். சுருங்கிய பிறகு மேலே நிரப்ப 3 மில்லி மீதி இருக்கும். ஆளுக்கு ஒரு டியூப் காசு, ஆளுக்கு ஆறு நிறம். அதுவும் மேலே சொன்ன நிறங்களில் அல்ட்ராமரைன், தாலோ, பர்ன்ட் சியன்னா மூன்றும் பொதுவாகக் கம்பெனிகளின் மலிவு விலை வரிசையில் வருபவை.

யார் எந்த டியூப் வாங்குவது, ஆறாவது நிறம் எது என்று ஆறு பேரும் உட்கார்ந்து சண்டை போடட்டும். 'உன் ஊருக்கு எதுக்குடா டர்க்காய்ஸ்?' என்ற அந்த அரை மணி நேரச் சண்டையில் நிறத்தைப் பற்றிக் கற்றுக்கொள்வது நிறைய இருக்கும். 36 நிறப் பெட்டியைத் திறந்து பார்ப்பதால் அது ஒருநாளும் வராது.